அப்டேட் வந்த மறுநாள்: தானாக ஓடும் காரைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

டெஸ்லா வைத்திருக்கும் நண்பர்கள், காரைத் தானாக ஓட்டும் எஃப்எஸ்டி என்ற மென்பொருளைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எஃப்எஸ்டி புது வெர்ஷன் வந்திருக்கே, போடலாமா?" போடலாம். போட்ட பிறகு அதை எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் இருப்பது கலிபோர்னியாவில், ஃபிரீமாண்டில். டெஸ்லாவின் தொழிற்சாலை இருக்கும் அதே ஊர். பிழைப்பு மென்பொருள் டெஸ்டிங். ஆபீசில் ஒரு வரி கோட் மாறினாலும் பழைய டெஸ்ட் அத்தனையையும் திரும்ப ஓட்டச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்குகிற ஆள், வாசலில் நிற்கும் ஏறக்குறைய இரண்டு டன் வண்டிக்கு மட்டும் அதைச் செய்யாமல் விட முடியுமா?

ஊரில் கல்யாணத்துக்குப் போக ஆக்டிங் டிரைவர் சொல்லி வைப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வந்தவர் பிரமாதமாக ஓட்டினார். இன்று அதே ஏஜென்சி வேறு ஆளை அனுப்பியிருக்கிறது. போன மாதத்து ஆள் சம்பாதித்த நம்பிக்கையை இவருக்குக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் தூங்குவீர்களா? காரில் நாம் அதைத்தான் செய்கிறோம். மென்பொருள் மாறிவிட்டது, நம் கால் மட்டும் பழைய வெர்ஷனை நம்பிக்கொண்டு தரையில் ஓய்வெடுக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நம்பிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

இது வெறும் பயம் இல்லை, நடந்திருக்கிறது. 2021 அக்டோபரில் 10.3 என்ற வெர்ஷன் வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. காரின் கம்ப்யூட்டரில் உள்ள இரண்டு சிப்களுக்கு இடையே தொடர்பு அறுந்து, முன்னால் ஒன்றும் இல்லாதபோதே மோதப் போவதாக எச்சரிக்கை அடித்தது, தானாக பிரேக் பிடிக்கவும் வாய்ப்பிருந்தது. குறையைச் சரிசெய்யக் கம்பெனி கார்களைத் திரும்ப அழைப்பதை ரீகால் என்பார்கள்; 11,704 கார்கள் அந்த ரீகாலில் வந்தன. அடுத்த பிப்ரவரியில் வேறு கதை: நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள சந்திப்பில் முழுதாக நிற்காமல் உருண்டு போகும் வசதியை எடுக்கச் சொல்லி 53,822 கார்களுக்கு ரீகால். 2023 பிப்ரவரியில் 3,62,758 கார்கள். அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, திரும்புவதற்கு மட்டுமான லேனில் நின்றுவிட்டு நேராகப் போவது. இந்த ரீகால்களுக்கு யாரும் சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நிற்கவில்லை. வீட்டு வைஃபையில் இன்னொரு அப்டேட் வந்தது, அவ்வளவுதான். அது வசதிதான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் காரின் குணம் மாறும் என்பதும் அதே வசதியின் மறுபக்கம்.

பன்னிரண்டாவது வெர்ஷனுக்குப் பிறகு இன்னொரு விஷயம் சேர்ந்துகொண்டது. அதற்கு முன் நகரச் சாலையில் எப்படி ஓட்டுவது என்பதில் பெரும்பகுதி மனிதர்கள் எழுதிய விதிகளாக இருந்தது. இப்போது மனிதர்கள் ஓட்டிய வீடியோக்களைப் பார்த்துப் பழகிய நியூரல் நெட்வொர்க் அந்த வேலையைச் செய்கிறது. ஓட்டம் மென்மையாகிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் விதியாக எழுதியிருந்தால், எந்த விதியைத் தொட்டார்களோ அதைச் சுற்றி மட்டும் சோதித்தால் ஓரளவு போதும். திரும்பப் பழக்கிய நெட்வொர்க்கில் ஒன்று மேம்பட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று கெடலாம். அப்டேட்டோடு வரும் ரிலீஸ் நோட்ஸில் மேம்பட்டது மட்டும்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

அப்டேட்டை இரவில் போடுங்கள், ஆனால் மறுநாள் காலை ஆபீஸ் போகும் அவசரம் இல்லாத இரவாகப் பார்த்துப் போடுங்கள். எனக்கு வெள்ளி இரவு. காலையில் சாஃப்ட்வேர் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று காரின் மென்பொருள் எண், வருடத்தில் தொடங்கும். இன்னொன்று எஃப்எஸ்டியின் சொந்த எண். முதல் எண் மாறி இரண்டாவது மாறாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஓட்டுகிற மூளை அதேதான், நீங்கள் காபி போடப் போகலாம்.

யூடியூபில் ஒருவர் ஒரு மணி நேரம் கையே வைக்காமல் ஓட்டிக் காட்டினார் என்று சொல்லாதீர்கள். அவர் காரில் இருப்பது எந்தத் தலைமுறை கம்ப்யூட்டர் என்று முதலில் பாருங்கள். 2024 கடைசியில் பதிமூன்றாவது வெர்ஷன் வந்தபோது நான்காம் தலைமுறை ஹார்டுவேருக்குத்தான் வந்தது. மூன்றாம் தலைமுறைக்காரர்களுக்குப் பன்னிரண்டிலேயே தனிக் கிளை. இரண்டும் ஒரே பெயரில் உலவும் இரு வேறு ஓட்டுநர்கள்.

பிறகு கேமராக்கள். ஈரத் துணியால் முன்கண்ணாடி, கதவுகளுக்கு நடுத் தூண், முன் சக்கரத்துக்கு மேல் பக்கவாட்டில் இருப்பவை, நம்பர் பிளேட்டுக்கு மேலே உள்ளது என எல்லாவற்றையும் துடையுங்கள். அழுக்குக் கேமராவோடு புது வெர்ஷனைச் சோதித்தால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாது. அப்புறம் செட்டிங்ஸ்: வேகம் எப்படி, லேன் மாறுவதில் எவ்வளவு துடுக்கு என்பதெல்லாம் நீங்கள் விட்ட இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெனுவின் அமைப்பே வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுகிறது.

ஒரே பாதை

சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. தினம் ஒரு ஊருக்குப் போய் "இன்னைக்கு நல்லா ஓட்டுச்சு" என்று சொல்வது சோதனை ஆகாது. ஒரு பாதை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வெர்ஷனையும் அதே பாதையில், ஏறக்குறைய அதே நேரத்தில் ஓட்டுங்கள். கஷ்டமான இடங்கள் அதில் வேண்டுமென்றே இருக்க வேண்டும்.

என் பாதை சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து தொடங்கும். முதலில் எங்கள் ஊரின் இர்விங்டன் பகுதியில் உள்ள ஃபைவ் கார்னர்ஸ் சந்திப்பு. ஃபிரீமாண்ட் பூலவார்டும் வாஷிங்டன் பூலவார்டும் சேரும் இடத்தில் கூடவே சின்னத் தெருக்களும் வந்து முட்டும். எந்த சிக்னல் யாருக்கு என்று மனிதர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். அங்கே கார் எந்த லேனில் போய் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கிருந்து சென்டர்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே கடக்கும் இடம். இங்கே காருக்கு நான் எந்தச் சலுகையும் தருவதில்லை. கால் பிரேக்குக்கு மேலே இருக்கும். முன்னால் வண்டிகள் தேங்கி நின்றால், தண்டவாளத்துக்கு முன்பே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நானே நிறுத்திவிடுவேன். 2025 அக்டோபரில் என்எச்டிஎஸ்ஏ என்கிற அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த மென்பொருள் சிவப்பு விளக்கைத் தாண்டுவது பற்றியும் தவறான திசையில் போவது பற்றியும் விசாரணை தொடங்கியபோது, ரயில்வே கிராசிங்கில் நடந்துகொள்ளும் விதத்தையும் பார்ப்பதாகச் சொன்னது. அந்தச் சோதனையை அவர்களே செய்துகொள்ளட்டும்.

பிறகு நைல்ஸ் கேன்யன் சாலை. ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து போகும், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப் பாதை. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைகிறதா, நுழைந்த பிறகு குறைகிறதா? முதல் வகையென்றால் எனக்கு அந்த வெர்ஷன் பிடித்துப்போகும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் பாதை அது, கேமராவுக்கு நல்ல பரீட்சை.

கடைசியாக 680 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வாலசிடோஸ் சாலை வழியாக லிவர்மோர் ஊர். அங்கே சிவா விஷ்ணு கோயில் இருப்பதால் எப்படியும் போகிற பாதைதான். காலையில் கிழக்கு நோக்கி ஓட்டும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். எனக்குக் கண் கூசினால் கேமராவுக்கும் கூசும் என்று வைத்துக்கொண்டு எஃப்எஸ்டியை அணைத்துவிடுவேன். வெயில் கூச்சம், பனிமூட்டம், புழுதி போன்ற நேரங்களில் நடந்த நான்கு விபத்துகளை வைத்து 2024 அக்டோபரில் சுமார் 24 லட்சம் கார்கள் மீது என்எச்டிஎஸ்ஏ விசாரணை தொடங்கியது. அதில் ஒரு விபத்தில் சாலையில் நின்ற ஒருவர் இறந்திருக்கிறார். நான் இதைச் சோதிக்க மாட்டேன், நீங்களும் சோதிக்காதீர்கள்.

பள்ளி விடும் நேரத்துத் தெருக்களையும் என் பாதையில் சேர்க்கவில்லை. சோதனைக்கு ஒத்துக்கொண்டது நான்தான், தெருவில் சைக்கிள் விடும் பிள்ளை இல்லை.

கையும் காலும்

இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில், மூன்று மணி ஒன்பது மணி இடத்தில், லேசாக. வலது கால் பிரேக்குக்கு மேலே. எஃப்எஸ்டி என்ற பெயருக்குப் பின்னால் "கண்காணிப்புடன்" என்று 2024-இல் டெஸ்லாக்காரர்களே சேர்த்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் இது இரண்டாம் நிலை உதவி அமைப்பு, அதாவது ஸ்டியரிங்கிலும் வேகத்திலும் கைகொடுக்கும், ஆனால் ஓட்டுநர் நீங்கள்தான்.

காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு வழிகள் உண்டு, ஆனால் எல்லாம் ஒன்று அல்ல. பிரேக்கைத் தொட்டால் எல்லாம் விட்டுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பி வாங்கினால், சில வெர்ஷன்களில் திசை மட்டும் உங்களிடம் வரும், வேகத்தை கார் வைத்துக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு வெர்ஷனிலும் ஆளில்லாத சாலையில் முதல் வேலையாக இரண்டையும் செய்து பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது விடாது. மிதித்திருக்கும் வரை தானாக பிரேக் பிடிக்காமலும் இருக்கலாம், திரையில் அதற்கு எச்சரிக்கை வரும். தயங்கி நிற்கும் காரை உந்துவதற்காக மிதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எலக்ட்ரிக் காருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மென்பொருள் விட்ட கணத்தில் உங்கள் கால் எந்தப் பெடலிலும் இல்லையென்றால், மோட்டார் ஆற்றலைத் திரும்ப இழுக்கத் தொடங்கி கார் சட்டென்று தளரும். பெட்ரோல் கார் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புரியவே நாளாகும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் பதறிப்போவார். வேகமான சாலையில் காரைத் திரும்ப வாங்கும்போது ஆபத்து முன்னால் இல்லையென்றால் கால் மெதுவாக ஆக்சிலரேட்டருக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை காலியான சாலையில் இதை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

கை வைத்திருப்பதுபோல் காட்ட ஸ்டியரிங்கில் எடை கட்டி ஏமாற்றும் சாமான்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒன்றை விற்கக் கூடாது என்று 2018-இலேயே என்எச்டிஎஸ்ஏ உத்தரவு போட்டது.

குறிப்பு எடுப்பது

போனைக் கையில் எடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் அது சட்டப்படியே குற்றம். கண்ணை ரோட்டிலிருந்து எடுத்தால் உள்ளே இருக்கும் கேமராவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மென்பொருளிடமிருந்து காரை வாங்கியதும் ஏன் என்று அது கேட்கும், குரலில் ஒரு வாக்கியம் சொல்லலாம். "கார் தப்பா ஓட்டுச்சு" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. "வலது திரும்பும் லேனிலிருந்து நேராகப் போகப் பார்த்தது" என்று சொல்லுங்கள். ஹாரன் அடித்தால் டாஷ்கேம் வீடியோ சேமிக்கும்படி செட்டிங்கில் வைத்தால் கடைசிப் பத்து நிமிடம் யுஎஸ்பியில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் மூன்று கட்டங்களில் எழுதுவேன். ஆபத்து, அசிங்கம், அலுப்பு. நான் காரைத் திரும்ப வாங்கியிருக்காவிட்டால் எங்காவது இடித்திருக்கும் என்றால் ஆபத்து. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கும்படி நின்றால் அசிங்கம். எனக்குப் பிடிக்காத வழியில் போனால் அலுப்பு. பலரும் மூன்றையும் கூட்டி, "இத்தனை மைலுக்கு ஒரு தடவைதான் தொட்டேன்" என்று ஓர் எண் சொல்கிறார்கள். அந்த எண்ணால் ஒரு உபயோகமும் இல்லை. அலுப்பு எத்தனை குறைந்தாலும் ஆபத்துக் கட்டத்தில் ஒன்று விழுந்தால், அந்த இடத்தில் அந்த வெர்ஷன் முழுவதும் நானே ஓட்டுவேன். பழைய வெர்ஷனுக்கு நீங்களாகத் திரும்பிப் போக முடியாது. அடுத்தது வரும்வரை அணைத்து வைப்பதுதான் வழி.

இன்னொரு சோதனைக் கருவி பக்கத்து சீட்டில் இருக்கும். என் மாமியார் கோயிலுக்கு வரும்போது திரையைப் பார்க்கவே மாட்டார், ரோட்டைத்தான் பார்ப்பார். "கையை எடுக்காதம்மா" என்று அவர் சொல்லும் இடத்தை நான் குறித்துக்கொள்வேன். பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்று ஓட்டுநரைவிடப் பயணிக்கு முன்கூட்டியே தெரிகிறது. "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அந்த வளைவில் நானே ஓட்டுவேன். ஆனால் புது வெர்ஷனின் முதல் ஓட்டத்துக்கு அவரையோ பிள்ளைகளையோ ஏற்றுவதில்லை.

அப்புறம், வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை ஓட்டினால், அவர்களுக்குத் தனி டிரைவர் புரொஃபைல் போட்டு அதில் எஃப்எஸ்டியை அணைத்து வையுங்கள். நீங்கள் சோதித்ததை அவர்கள் சோதிக்கவில்லை. என் கணவரின் புரொஃபைலில் அது அணைந்தே இருக்கிறது. புது வெர்ஷன் என் பாதையை முடித்த பிறகு, சாவியோடு எந்தெந்த இடம் வேண்டாம் என்ற பட்டியலையும் கொடுத்துத்தான் ஆன் செய்து தருவேன்.