சின்ன கார் நேராக ஓடாமல் துள்ளுகிறதா?

எண்பதில் போகும்போது ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே கார் சட்டென்று ஒரு பக்கம் தாவினால், உடனே அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) ஓடாதீர்கள், முதலில் காலையில் வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றைப் பாருங்கள். அளவு டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். பின் டயரில் காற்று குறைந்தாலே வண்டியின் பின்பக்கம் அலையும், எடை குறைந்த சின்ன காரில் இது நன்றாகவே தெரியும்.

காற்று சரியா? அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே போகாதீர்கள்) சக்கரத்தை இடது வலதாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்றால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கத்தோடு இணைக்கும் கை) புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பிரேக் பிடிக்கையில் வண்டி இழுத்தால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட், இல்லாவிட்டால் காசு தண்டம். முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருக்கலாம், துள்ளலுக்கு அது முக்கியமான காரணம். இந்த விரிவைக் குறிக்கும் டோ அளவை கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லி, சரிசெய்வதற்கு முன்பும் பிறகும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கேட்டு வாங்குங்கள். நான்கில் தேய்மானம் குறைந்த நல்ல டயர் இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும்.