பத்தாம் வகுப்பு இயற்பியல் திருப்புதல்: அலகைப் பிடித்தால் ஃபார்முலா தானே வரும்

திருப்புதல் என்றதும் பலரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குவார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தால் கை ஓடாது. இங்கே சொல்லும் முறையில் வாசிப்பு குறைவு. அளப்பது, கணக்குப் போடுவது, வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். கம்பம், கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கும், குமுளி, பீர்மேடு, தேவிகுளம் பக்கம் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியது. பாட வரிசை இரண்டு பக்கமும் வேறு வேறு. நியூட்டனும் ஓமும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

தேவையான சாமான்: ஒரு நோட்டு, ஸ்கேல், தையல் டேப், ஒரு பூதக்கண்ணாடி, 1.5 வோல்ட் டார்ச் செல் இரண்டு, உள்ளே இழை இருக்கும் பழைய வகை 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, ஒரு மீட்டர் மெல்லிய ஒயர். மல்டிமீட்டர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: சொல்லும் அலகும்

நோட்டின் முதல் இரண்டு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பெயர், அலகு, அந்த அலகைப் பிரித்தால் என்ன வரும் என்று வரிசையாக எழுதுங்கள். நியூட்டன் என்பது கிலோகிராம் பெருக்கல் மீட்டர் வகுத்தல் வினாடி². ஜூல் என்பது நியூட்டன் பெருக்கல் மீட்டர். வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல். ஆம்பியர் என்றால் வினாடிக்கு ஒரு கூலூம். வோல்ட் என்றால் ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல்.

இப்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். கூலூம் அடிபட்டுப் போகும், வினாடிக்கு ஜூல் மிஞ்சும். அதுதான் வாட். ஆக, மின்திறன் = மின்னழுத்த வேறுபாடு × மின்னோட்டம். பரீட்சை ஹாலில் ஃபார்முலா மறந்தாலும் இந்த வழியில் திரும்பப் பிடிக்கலாம். ஒரே குறை, இயக்க ஆற்றலில் வரும் ½ மாதிரி வெறும் எண்களை அலகு காட்டிக்கொடுக்காது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாடம் தமிழில் இருக்கும், டியூஷன் மலையாளத்தில் நடக்கும். பலம் என்றால் விசை, த்வரணம் என்றால் முடுக்கம், பிரவேகம் என்றால் திசைவேகம், பிரதிரோதம் என்றால் மின்தடை. இவற்றை ஊகித்துவிடலாம். ஏமாற்றுவது ‘ஆக்கம்’. மலையாளத்தில் அது உந்தம். தமிழ்க் காதுக்கு எதையோ உருவாக்குவதுபோலக் கேட்கும், அங்கேயே குழப்பம் தொடங்கும். அலகுப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு இந்தச் சொற்களையும் எழுதிவிடுங்கள்.

படி 2: இயக்கம்

1,200 கிலோ ஜீப் ஒன்று குமுளி மலைச்சாலையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. பிரேக் பிடித்து 4 வினாடியில் நிற்கிறது. விசை எவ்வளவு?

முதல் வேலை கி.மீ./மணியை மீ./வினாடி ஆக்குவது. 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 10 மீ./வினாடி. உந்தம் 1,200 × 10 = 12,000. அது 4 வினாடியில் பூஜ்ஜியமாகிறது, ஆகவே விசை 3,000 நியூட்டன், இயக்கத்துக்கு எதிர்த் திசையில். மாற்றாமல் 36ஐ அப்படியே போட்டவர்களுக்கு 10,800 வரும். பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பு.

அதே ஜீப் பாறையில் மோதி 0.2 வினாடியில் நின்றால்? 60,000 நியூட்டன். உந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றே. நேரம் 20 மடங்கு குறைந்ததால் விசை 20 மடங்கு ஏறியது. கணத்தாக்கு பற்றிய கேள்விக்கு இந்த இரண்டு எண்ணை வைத்தே விடை எழுதிவிடலாம்.

நிறை, எடை குழப்பத்துக்கு ஒரே வரி: 50 கிலோ ஏலக்காய் மூட்டையின் நிறை 50 கிலோ, எடை 50 × 9.8 = 490 நியூட்டன். கடைக்காரர் ‘எடை 50 கிலோ’ என்பார். கடையில் அது சரி, விடைத்தாளில் மார்க் போகும்.

ஆற்றலுக்கு, லோயர்கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு நீர் சுரங்கம் வழியாக வந்து அவற்றில் இறங்கித்தான் டர்பைனைச் சுற்றுகிறது. ஒரு கன மீட்டர் நீர், அதாவது 1,000 கிலோ, 100 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். 1,000 × 9.8 × 100 = 9,80,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். வகுத்தால் சுமார் 0.27 யூனிட், அதுவும் இழப்பே இல்லை என்றால். ஆயிரம் லிட்டர் நீருக்குக் கால் யூனிட் சொச்சம்தானா என்று தோன்றும். அவ்வளவு பெரிய குழாய் எதற்கு என்பதற்கு அதுவே பதில்.

படி 3: மின்சாரம்

இரண்டு பாடத்திட்டத்திலும் மார்க் அதிகம் புரளும் இடம், தப்பும் அதிகம் நடக்கும் இடம். இங்கே ஒரு மாலை முழுக்க உட்காருங்கள்.

இரண்டு செல்லையும் ஒன்றின் வாலில் மற்றதன் தலை படும்படி வைத்தால் 3 வோல்ட். இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1.5 வோல்ட்தான் கிடைக்கும், மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். இது தொடரிணைப்பு. அடுத்து இரண்டையும் தனித்தனியாகச் செல்லோடு இணையுங்கள். இரண்டுக்கும் முழு 3 வோல்ட், பளிச்சென்று எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். இது பக்க இணைப்பு, வீட்டு ஒயரிங்கும் இப்படித்தான். 2.5 வோல்ட் பல்புக்கு 3 வோல்ட் கொஞ்சம் கூடுதல், ரொம்ப நேரம் எரியவிடாதீர்கள்.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டால் போதாதா என்றால் போதாது. ஒரு செல்லில் அது எரியவே எரியாது, சிவப்புக்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். காலை மாற்றிக் கொடுத்தாலும் எரியாது, நீளமான கால்தான் நேர்மின் பக்கம். முக்கியமாக, அது ஓம் விதிக்குக் கட்டுப்படாது. ஓம் விதியைச் சரிபார்க்க எல்.இ.டி.யை எடுத்தால் வரைபடம் நேர்கோடாக வராது.

கணக்கு: 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில். 1/6 + 1/3 = 1/2. இங்கேயே நிறுத்தி ‘½ ஓம்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். தலைகீழாக்கினால்தான் விடை, 2 ஓம். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை, இருப்பதிலேயே சின்ன மின்தடையைவிடக் குறைவாக வர வேண்டும். 2 என்பது 3ஐவிடச் சின்னது, சரி. ½ம் சின்னதுதானே என்றால், ஆமாம், இந்தச் சோதனை மட்டும் போதாது. அதனால் ‘1/மின்தடை =’ என்று இடப்பக்கத்தையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். எழுதினால் தலைகீழாக்குவது மறக்காது.

மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து நேராகச் செல்லின் இரு முனையிலும் வைக்காதீர்கள். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு, மின்னோட்டம் எகிறி உள்ளே ஃபியூஸ் போகும். அம்மீட்டர் தொடரில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில் என்ற விதிக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது ஒரு காசு செலவில்லாத சோதனை, வீட்டு மீட்டர். மீட்டரைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று வைத்துக்கொள்வோம். 36,00,000ஐ 3,200ஆல் வகுத்தால் ஒரு மினுக்குக்கு 1,125 ஜூல். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் அயர்ன்பாக்ஸை மட்டும் போடுங்கள். 1.125 வினாடிக்கு ஒரு மினுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 53 வர வேண்டும். பாதிதான் வருகிறதென்றால் தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்திருக்கும். அயர்ன்பாக்ஸின் விளக்கு எரியும்போது மட்டும் எண்ணுங்கள். நிறையக் கூடுதலாக வந்தால் வேறெதோ ஓடுகிறது, மொட்டைமாடி மோட்டாரைப் பாருங்கள்.

230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பின் மின்தடை 230² ÷ 60, அதாவது சுமார் 882 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறியபின் மல்டிமீட்டரில் அளந்தால் நூறு ஓம்கூட வராது. மீட்டரும் சரி, கணக்கும் சரி. 882 என்பது எரியும்போது இருக்கும் மதிப்பு. டங்ஸ்டன் இழை சூடேற ஏற மின்தடை கூடும்.

படி 4: லென்ஸ்

பகலில் அறையை இருட்டாக்கி ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். எதிர்ச் சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, பூதக்கண்ணாடியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் வெளியே இருக்கும் மலை, சின்னதாக, வண்ணத்தோடு, தலைகீழாகத் தாளில் விழும். தென்னை வேர் மேலேயும் ஓலை கீழேயுமாகத் தொங்கும். காற்றடித்தால் அந்தக் குட்டி ஓலையும் ஆடும். விளிம்பு கூர்மையாகத் தெரியும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் குவியத் தொலைவு. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பனிமூட்டம் உள்ள காலையில் பிம்பம் தெளியாது, பத்து மணிக்குமேல் பாருங்கள். சூரியனை வைத்து மட்டும் செய்யாதீர்கள், தாள் பற்றிக்கொள்ளும், கண்ணுக்கும் ஆபத்து.

20 செ.மீ. வந்தது என்போம். பொருள் 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் பிம்பம் எங்கே? பொருளின் தூரம் −30, குவிலென்ஸின் குவியத் தொலைவு +20. லென்ஸ் சமன்பாட்டில் கழித்தல்: 1/20 = 1/பிம்பத் தூரம் − 1/(−30). எனவே 1/பிம்பத் தூரம் = 1/20 − 1/30 = 1/60. பிம்பம் +60 செ.மீ.யில். உருப்பெருக்கம் 60 ÷ (−30) = −2. கழித்தல் குறி தலைகீழ் என்கிறது, 2 என்பது இருமடங்கு. ஆடிச் சமன்பாட்டில் கூட்டல், உருப்பெருக்கத்தில் முன்னால் ஒரு கழித்தல். இரண்டையும் கலந்துவிடுவதுதான் இந்தப் பாடத்தின் நிரந்தரத் தப்பு. கணக்குக்கு முன் கதிர்ப்படத்தைக் கையால் கிறுக்குங்கள்: பொருள் குவியத்துக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில், ஆகவே பிம்பம் 40 செ.மீ.க்கு அப்பால், பெரிதாக. 60 பொருந்துகிறது.

லென்ஸின் திறன் கேட்டால் மீட்டருக்கு மாற்றுங்கள்: 1 ÷ 0.2 = +5 டயாப்டர். 1/20 என்று போட்டு 0.05 எழுதினால் அது கண்ணாடிக் கடையில்கூட இல்லாத லென்ஸ்.

படி 5: ஒலி, வெப்பம், அணுக்கரு

மலையைப் பார்த்துக் கைதட்டி 2 வினாடியில் எதிரொலி கேட்டால் தூரம் 680 மீட்டர் அல்ல, 340. ஒலி போய்த் திரும்புகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 5 வினாடி என்றால் 340 × 5 = 1,700 மீட்டர். இங்கே பாதியாக்கக் கூடாது, ஒலி ஒருவழிதான் வருகிறது.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், நீரும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். குமுளி உயரத்தில் சுமார் 97 டிகிரி, மூணாறில் 95 டிகிரியை ஒட்டி. திறந்த பானையில் சோறு வேக நேரமாவதற்குக் காரணம் இதுதான்.

அணுக்கருவில் ஆல்ஃபா போனால் நிறை எண் 4, அணு எண் 2 குறையும். யுரேனியம் 238, தோரியம் 234 ஆகும். பீட்டா போனால் நிறை எண் மாறாது, அணு எண் 1 கூடும். அயோடின் 131க்கு அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 8 நாள். 24 நாளில் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு அல்ல. தோரியத்துக்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் அது உண்டு.

படி 6: கடிகாரம் வைத்து எழுதுவது

தமிழ்நாட்டில் இயற்பியல் 75 மதிப்பெண் அறிவியல் தாளுக்குள் ஒரு பகுதி. கேரளத்தில் இயற்பியலுக்குத் தனித்தாள், 40 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம், அதற்கு முன் 15 நிமிடம் வாசிக்க. அந்த 15 நிமிடத்தில் கணக்குக் கேள்விகளின் அலகுகளை மட்டும் பார்த்து வையுங்கள், எங்கே கி.மீ., எங்கே செ.மீ. என்று.

பழைய வினாத்தாள் ஒன்றை எழுதித் திருத்தியபின், தப்பான ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை இரண்டு சொல்லில் எழுதுங்கள்: ‘அலகு மாற்றவில்லை’, ‘தலைகீழாக்கவில்லை’, ‘குறி தப்பு’, ‘பாதியாக்கவில்லை’. ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. மூன்று தாள் முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணி, அந்தப் படிக்கு மட்டும் திரும்பப் போங்கள்.