இதய எம்ஆர்ஐ: இஎஃப் தப்பாக வரும் இடங்கள்

இதய எம்ஆர்ஐயில் இஎஃப், அதாவது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற எண், தப்பாக வந்தால் பெரும்பாலும் குற்றம் மெஷினுடையது அல்ல. மூச்சையும் துடிப்பையும் டேபிளிலேயே கட்டுக்குள் கொண்டுவராமல், "பிறகு சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதால்தான் இது நடக்கிறது. ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுப்பது) வைப்பதா வேண்டாமா என்று பேசும்போது இஎஃப் 35 சதவீதத்தைத்தான் எல்லையாக வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே பத்துப் புள்ளி பிசகினால் சிகிச்சையே மாறிவிடும்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதுதான் முதல் தவறு. "தம் பிடிங்க" என்றால் நம் ஊரில் யாரும் நெஞ்சு நிறைய இழுத்துத்தான் பிடிப்பார்கள், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவு. உதரவிதானம் ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்கி நின்றால் இதயமும் அரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நாம் எடுப்பதோ இதயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் 8 மி.மீ. ஸ்லைஸ், 2 மி.மீ. இடைவெளி. ஆகவே ஒரு மட்டம் இரண்டு தடவை பதிவாகும், இன்னொன்று விட்டே போகும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் உதரவிதானம் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வரும் பெரியவருக்கு ஹெட்ஃபோனில் ஓடும் இங்கிலீஷ் பதிவு எடுபடாது. டெக்னீஷியனே மைக்கில் பேச வேண்டும்: "இழுங்கய்யா... விடுங்க... இன்னும் விடுங்க... அப்படியே நிப்பாட்டுங்க." உள்ளே தள்ளும் முன்பே, வயிற்றில் கைவைத்துப் பார்த்தபடி இரண்டு மூன்று தடவை பழக்கிவிடுங்கள். 12 வினாடி தாங்காதவரை வற்புறுத்த வேண்டாம். பேரலல் இமேஜிங்கைக் (ஸ்கேனை வேகமாக்கும் முறை) கூட்டி 7, 8 வினாடிக்குள் கொண்டுவரலாம். ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் இருபது வினாடி ஓய்வும் கொடுங்கள்.

அடுத்தது ஈசிஜி. துடிப்போடு ஒத்துப் படமெடுக்க மெஷின் இதைத்தான் பார்க்கிறது. சித்திரை வெயிலில் வந்தவரின் நெஞ்சில் வியர்வை, எண்ணெய், சந்தனம் எல்லாம் இருக்கும். அதன்மேல் எலெக்ட்ரோடு ஒட்டினால் பாதி ஸ்கேனில் சிக்னல் போய்விடும். துடைத்து, முடி இருந்தால் மழித்து, தோல் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். மேக்னட்டுக்குள் போனதும் ரத்த ஓட்டத்தால் ஈசிஜியின் டி அலை (துடிப்பின் பின்பகுதியில் வருவது) உயர்ந்து தெரியும். மெஷின் அதையே துடிப்பின் அடையாளமான ஆர் அலை என்று எடுத்துக்கொண்டால் சினி (துடிக்கும் இதயத்தின் அசையும் படம்) குதிக்கும். திரையில் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை நாடியோடு ஒப்பிட்டாலே இது பிடிபடும்.

ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது) உள்ளவருக்கு, பல துடிப்புகளைப் பதிந்து பிறகு ஈசிஜியோடு பொருத்தி ஒரே படமாக்கும் வழக்கமான ரெட்ரோஸ்பெக்டிவ் கேட்டிங் வைத்தால், நீளம் வேறுபட்ட துடிப்புகள் ஒன்றாகக் கலந்து சுவர் ஓரம் மங்கும். சுருங்கிய நிலை சரியாகத் தெரியாமல் ஈஎஸ்வி (சுருங்கியபின் கீழறையில் மீந்திருக்கும் ரத்த அளவு) கூடி, இஎஃப் குறைவாக வரும். இவர்களுக்குத் துடிப்புகளைக் கலக்காமல் அப்படியே நேரடியாக எடுக்கும் ரியல் டைம் சினி நல்லது. ஆனால் ஒரு ஃப்ரேம் 45 மில்லிசெகண்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் உச்சச் சுருக்கமே இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் நழுவிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது மேல்தட்டு ஸ்லைஸில்தான், அதாவது வால்வை ஒட்டி எடுக்கும் ஸ்லைஸில். சுருங்கும்போது மைட்ரல் வளையம் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின் வளையம்) ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நுனியை நோக்கி இறங்குகிறது. ஸ்லைஸ் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. விரிந்த நிலையில் அங்கே கீழறை இருந்தது, சுருங்கியபின் இருப்பது இடது மேலறை. அதைக் கவனிக்காமல், கீழறையின் அளவெடுக்க ஸ்லைஸில் வட்டம் வரைந்தால் என்ன ஆகும்? ஈடிவி (விரிந்த நிலையில் கீழறையில் நிறைந்த ரத்த அளவு) 140 மில்லி, ஈஎஸ்வி 56 மில்லி என்றால் இஎஃப் 60. மேலறையின் 18 சதுர செ.மீ. ஒரே ஒரு ஸ்லைஸில் சேர்ந்தால், ஸ்லைஸும் இடைவெளியும் சேர்ந்த 1 செ.மீ. கணக்குக்கு 18 மில்லி கூடி ஈஎஸ்வி 74 ஆகும். இஎஃப் 47. நல்ல இதயம் நோயாளி இதயமாகிவிட்டது. நான்கு அறை சினியைப் பக்கத்தில் திறந்து, வால்வு நிற்கும் இடத்தைக் கோட்டில் பார்த்து முடிவெடுப்பதற்கு மாற்று கிடையாது. உச்சச் சுருக்க ஃப்ரேமையும் நடு ஸ்லைஸில் தேர்ந்து எல்லா ஸ்லைஸுக்கும் அதையே வைக்க வேண்டும்.

இனி சாஃப்ட்வேர் திருத்தம். தள்ளிப்போன ஸ்லைஸை அது பக்கவாட்டில் நகர்த்தி அடுக்கைச் சீராக்கும், முப்பரிமாண உருவமும் அழகாக வரும். ஆனால் நகர்த்துவதால் பரப்பளவு மாறாது, எனவே கன அளவும் மாறாது. ஸ்லைஸை மட்டம் மாறி எடுத்ததால் விட்டுப்போன தசையை எந்த நிரலும் கொண்டுவந்து தராது. அதனால் நோயாளி டேபிளில் இருக்கும்போதே அடுக்கை மேலிருந்து நுனிவரை உருட்டிப் பாருங்கள். அறை படிப்படியாகச் சிறுக்க வேண்டும். நெஞ்சுச் சுவர் அசையாமல் கல்லீரல் ஓரம் மட்டும் துள்ளினால் மூச்சு மாறியிருக்கிறது. அந்த ஸ்லைஸை மட்டும் திரும்ப எடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும்.

கடைசியாக, இடது, வலது கீழறைகளின் ஸ்ட்ரோக் வால்யூமை (ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்த அளவு) ஒப்பிடுங்கள். வால்வுக் கசிவோ ஓட்டையோ இல்லாதவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். 15, 20 மில்லி வித்தியாசம் வந்தால் மேல்தட்டு வட்டத்தை மறுபடி பாருங்கள். மகாதமனியில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தை நேரடியாக அளக்கும் படம்) எடுத்திருந்தால் எந்தப் பக்கம் தப்பு என்பதை அது காட்டிவிடும். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால், துடிப்பு ஒழுங்கில்லை, இன்ன ஸ்லைஸ் தெளிவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு எண்ணைக் கொடுங்கள்.