பெந்தாமியானா இலையில் தடுப்பூசிப் புரதம் எடுக்கும் முறை

மரபணு மாற்றிய விதை தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செடிக்குள் மரபணுவைக் கடத்தும் மண் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தை வளர்ந்த இலைக்குள் ஏற்றினால் ஒரே வாரத்தில் புரதம் கிடைக்கும். கனடாவில் 2022இல் அனுமதி பெற்ற கோவிஃபென்ஸ் கொரோனா தடுப்பூசி இப்படித் தயாரானதுதான். செடி, நிக்கோட்டியானா பெந்தாமியானா என்னும் ஆஸ்திரேலியப் புகையிலை இனம். வைரஸை எதிர்க்கும் ஆர்டிஆர்1 மரபணு இதில் பழுதுபட்டிருப்பதால் அயல் மரபணுவிடம் அதிகம் முரண்டு பிடிக்காது. இங்கே சொல்வது ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹெமக்ளூட்டினின் புரதத்துக்கான ஆய்வக அளவு முறை.

4–5 வாரச் செடி போதும். மொட்டு விட்டதை ஒதுக்கிவிடுங்கள், விளைச்சல் சரியும். 24 டிகிரி, 16 மணி நேர வெளிச்சம். ஏற்றும் அன்று காலையிலேயே தண்ணீர் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். வாடிய செடியில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும், எவ்வளவு அழுத்தினாலும் திரவம் இறங்காது.

ஹெமக்ளூட்டினின் மரபணுவைச் செருகிய பிஈஏக்யூ-எச்டி பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஏற்றிய ஜிவி3101 என்னும் அக்ரோபாக்டீரிய வகையை, லிட்டருக்கு 50 மி.கி. கனமைசின், 50 மி.கி. ரிஃபாம்பிசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் சேர்த்த எல்பி என்னும் வளர்ப்பு ஊடகத்தில் 28 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்க்கவும். அயல் மரபணுவைச் செடி முடக்குவதைத் தடுக்கும் பி19 மரபணு இந்தப் பிளாஸ்மிட்டிலேயே இருக்கிறது. தனியாகச் சேர்க்க வேண்டாம். 4,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததை 10 மில்லிமோலார் எம்ஈஎஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்), 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் (மரபணுக் கடத்தலைத் தூண்டும் பொருள்) கலந்த நீரில் (பிஎச் 5.6) கரைத்து, ஓடி600 (பாக்டீரியா அடர்த்தியைக் காட்டும் கலங்கல்) அளவை 0.4க்குக் கொண்டுவாருங்கள். அறை வெப்பத்தில் 2 மணி நேரம் வைக்கவும்.

ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து, மேலே விரலால் தாங்கிக்கொண்டு மெல்ல அழுத்துங்கள். ஈரம் பரவிய இடம் கருத்துத் தெரியும். அது காய்வதற்குள் மார்க்கரால் எல்லை வரைந்துவிட வேண்டும். ஓர் இலையில் ஹெமக்ளூட்டினின் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் கொண்ட பாக்டீரியாவைக் கட்டாயம் ஏற்றுங்கள், ஒப்பிட அது இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். செடியை 25 டிகிரிக்குள் வையுங்கள். 28ஐத் தாண்டினால் டி-டிஎன்ஏவை (செடிக்குள் போகும் டிஎன்ஏ துண்டு) கடத்தும் பாக்டீரியாவின் அமைப்பு தடுமாறும். இரவில் ஏசி நின்றுபோகும் அறையில் புரதம் வராததற்கு மரபணுவைக் குறைசொல்லிப் பயனில்லை.

6ஆம் நாள் அறுவடை. இலை கருகத் தொடங்கினால் முன்னதாகவே பறியுங்கள். ஒரு கிராம் இலைக்கு 3 மி.லி. குளிர்ந்த டிரிஸ் கரைசல் (பிஎச் 8), அதில் 0.04% சோடியம் மெட்டாபைசல்ஃபைட், 1 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப் (புரதம் சிதைவதைத் தடுப்பது). சல்ஃபைட் இல்லாவிட்டால் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து சாறு பழுப்பாகும், புரதமும் அவற்றோடு பிணைந்து கெடும். வடிகட்டிச் சுழற்றித் தெளிவை எடுங்கள்.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 55 கிலோடால்டன் அருகே தெரியும் தடித்த பட்டை செடியின் சொந்தப் புரதமான ரூபிஸ்கோ, மகிழ்ந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் செய்து, சாறு கோழி ரத்தச் சிவப்பணுக்களைத் திரட்டுகிறதா என்றும் பாருங்கள். பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்னும் நச்சு கலந்த இந்தச் சாறு ஆய்வுக்கு மட்டுமே. உடலில் செலுத்தத் தகுந்ததல்ல. மிச்சச் செடி, மண், சிரிஞ்ச் எல்லாவற்றையும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் போட்ட பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.