தம்புள்ளை குகை விகாரை: பலரும் செய்யும் தவறுகள்

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் இலங்கையில் பாறைக் குகைகளுக்குள் இருக்கும் பௌத்தக் கோயிலான தம்புள்ளை விகாரையின் முற்றத்தில் கால் வைத்ததுமே அம்மா “ஐயோ” என்று பின்வாங்கிவிட்டார். பகல் ஒரு மணி. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. காலையில் சிகிரியா பாறைக்கோட்டையில் ஏறி இறங்கிய களைப்போடு, “பக்கத்தில்தானே, இதையும் முடித்துவிடுவோம்” என்று வந்திருந்தோம். ஐந்து குகைகளையும் அரை மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இறங்கினோம். இரண்டாவது முறை தனியாகப் போய் ஒரு காலை முழுவதும் இருந்தபோதுதான், முதல் முறை எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது.

அதனால் நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். சிகிரியாவையும் தம்புள்ளையையும் ஒரே பகலில் அடைக்காதீர்கள். இரண்டும் இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டுமே ஏற்றம். ஒரே நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் காலையிலும் மற்றதை வெயில் தாழ்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகலில் மட்டும் வேண்டாம். தம்புள்ளைப் பாறை சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரம். படிகளும் வழுவழுப்பான பாறைச் சரிவுமாக, நிதானமாக ஏறினால் இருபது நிமிடம் ஆகும். மேலே செருப்புப் போட அனுமதி இல்லை. ஒரு ஜோடி தடித்த காலுறையைப் பையில் வைத்துக்கொண்டால் போதும், முற்றத்து வெயில் அவ்வளவாகத் தெரியாது. வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது நுழைவுச்சீட்டு. மூச்சு வாங்க மேலே ஏறிப் போய், வாசலில் சீட்டைக் கேட்டதும் திரும்ப இறங்கி வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வெளிநாட்டவர்களுக்குச் சீட்டு வேண்டும், அதைக் கீழேயே வாங்கிவிட வேண்டும். எந்தப் பக்கம் விற்கிறார்கள் என்று வண்டியை விட்டு இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. சாலையோரத்தில் தங்க நிறத்தில் பிரம்மாண்டமான புத்தர் அமர்ந்திருப்பார், அவருக்குக் கீழே ‘பொற்கோயில்’ என்று எழுதியிருக்கும். அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, தம்புள்ளையைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அது அண்மைக் காலத்தில் கட்டியது. பழைய விகாரை மேலே பாறைக்குள் இருக்கிறது. அதற்கு ‘ரங்கிரி’, அதாவது பொன்மலை என்று பெயர் வந்ததற்குக் காரணம் 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன். குகைச் சிலைகளுக்குப் பொன்பூசியவன் அவன்தான்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்குப் பொதுவாகச் சிரமம் இருக்காது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்த இளைஞர்கள் வாசலில் நின்று துண்டைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்.

படம் எடுப்பதில்தான் நம்மவர்களும் தவறுகிறார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுக்கும் செல்ஃபி அங்கே அவமதிப்பு. நம் ஊரில் கருவறைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அதேதான். இலங்கையில் இதைச் சும்மா விடுவதில்லை. புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோலப் படம் எடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்கு 2012இல் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காக 2014இல் ஒரு பிரிட்டிஷ் பயணி திருப்பி அனுப்பப்பட்டார். சிலையைப் பார்த்தபடி நின்று, சிலையை மட்டும் எடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஓவியத்தின் நிறம் வெளிச்சத்தில் மங்கிப்போகும் பொருள். போனவர்கள் எல்லாரும் ஒருமுறை மின்னினால் என்ன மிஞ்சும்?

ஊதுபத்தியும் கற்பூரமும் கொண்டுபோகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். முதல் குகையின் ஓவியங்கள் பல காலமாகப் புகை பட்டுக் கறுத்துப்போயிருக்கின்றன. பக்தியால்தான் ஏற்றினார்கள், ஆனால் சுவருக்கு அது தெரியாதே. உள்ளே எதையும் கொளுத்தாதீர்கள். படைக்க வேண்டும் என்று தோன்றினால் கீழே தாமரையும் அல்லியும் விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பூவைக் குரங்கு பார்க்காமல் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு! வழியெல்லாம் குரங்குகள். பிஸ்கட் பாக்கெட்டின் சத்தம் கேட்டாலே வந்துவிடும். தின்பண்டத்தை வண்டியிலேயே விட்டுவிடுங்கள், இரக்கப்பட்டுக் கூட ஒன்றும் போடாதீர்கள்.

போயா நாளில் போகலாமா என்று கேட்பார்கள். பௌர்ணமிதோறும் இலங்கையில் விடுமுறை, விகாரை முழுக்க வெள்ளை உடையில் குடும்பங்கள் வந்துவிடும். விகாரையை விகாரையாகப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. ஓவியங்களை நின்று பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை. எதற்குப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

சரி, உள்ளே போவோம். பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

வெயிலிலிருந்து குகைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. “இருட்டாக இருக்கிறது, சிலைகள் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவுதான்” என்று வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கண்ணுக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். ஒரு ஓரமாக நில்லுங்கள், அப்புறம் தலையை மேலே தூக்குங்கள். கூரையில் ஒரு சாண் இடம் விடாமல் ஓவியம் இருப்பது மெல்ல மெல்லத் தெரியவரும். ஐந்து குகைகளிலும் சேர்த்துச் சுமார் 2,100 சதுர மீட்டர். பாறையைத் தட்டையாக்காமல், அதன் மேடுபள்ளத்தின் மேலேயே தீட்டியிருக்கிறார்கள். அதனால் கூரை பாறையாகத் தெரியாது, பூவேலை செய்த துணியைப் பந்தலாகக் கட்டி, அது நடுவில் தொய்ந்து கிடப்பதுபோல இருக்கும். ஒரு புடைப்பின் மேல் வரிசையாக அமர்ந்த புத்தர்கள் அந்தப் புடைப்போடு சேர்ந்து வளைந்து போவார்கள்.

எந்தக் குகையை முதலில் பார்ப்பது? எல்லாரும் ஒன்றில் தொடங்கி, இரண்டில் அசந்துபோய், மூன்று நான்கில் களைத்து, ஐந்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என் பேச்சைக் கேட்டால், நேராகக் கடைசிக் குகைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள். ஐந்தாவதன் சிலைகள் செங்கல்லும் சுதையும் கொண்டு செய்தவை. நான்காவது குகையில் ஒரு சிறிய தாதுகோபம், அதாவது தூபி, இருக்கிறது. சோமாவதி அரசியின் நகைகள் உள்ளே இருப்பதாக நம்பித் திருடர்கள் அதை உடைத்ததாகச் சொல்வார்கள். அப்புறம் மூன்றாவது, கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் உருவாக்கியது. அவனுடைய சிலையும் அங்கே உண்டு.

இந்த மன்னனிடம் கொஞ்சம் நின்று போகலாம். எல்லாமே இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஓவியம் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பது இன்னொரு தவறு. குகைகளில் துறவிகள் வாழ்ந்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து. ஆனால் இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், 1747 முதல் 1782 வரை ஆண்ட இந்தக் கீர்த்தி ஸ்ரீயின் காலத்தில் தீட்டியது. அவன் மதுரையிலிருந்து போன நாயக்கர் வழியில் வந்தவன்.

தமிழ் வாசகர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏனென்றால் வழிகாட்டி சொல்லும் முதல் கதை வேறு. கி.மு. முதல் நூற்றாண்டில் அனுராதபுரம் தென்னிந்தியப் படையெடுப்பாளர்களிடம் விழுந்தபோது வலகம்பா மன்னன் பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான், இந்தக் குகைகள் அவனுக்கு அடைக்கலம் தந்தன, ஆட்சியை மீட்டதும் நன்றிக்கடனாக இதை விகாரையாக்கினான் என்பார்கள். இரண்டாம் குகையில் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனும் அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் யானை மேலிருந்து போரிடும் ஓவியமும் உண்டு. இதைக் கேட்டதும் முகம் சுளித்து ஒதுங்குவதும், அங்கேயே நின்று வாதாடுவதும் வேண்டாம். எதிரியாக வந்த தென்னகத்தாரும், கூரையைப் புதுப்பித்துக் கொடுத்த நாயக்கர் வழி மன்னனும் ஒரே பாறைக்குள் இருக்கிறார்கள். அதே இரண்டாம் குகையில் நம் விஷ்ணுவும் சிலையாக நிற்கிறார், பக்கத்தில் மலைத் தெய்வம் சமன்.

இந்த இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சுமார் 52 மீட்டர் நீளம். வலது பக்கம் ஒரு சிறிய அடைப்பும் அதற்குள் ஒரு பாத்திரமும் இருக்கும். பலர் அதைக் கவனிக்காமலே போகிறார்கள், சிலர் கையை நீட்டுகிறார்கள். இரண்டும் தவறு. கூரைப் பாறையின் வெடிப்பிலிருந்து சொட்டும் நீர் அதில் சேர்கிறது, பூசைக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையிலான அமைதி கேட்கும்.

கடைசியாக முதல் குகை. பாறையோடு பாறையாகச் செதுக்கிய 14 மீட்டர் நீளப் புத்தர் படுத்திருக்கிறார். இடம் குறுகல், அதனால் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். பாதம் வரை போங்கள். சிவப்புச் சாயம் தீட்டிய உள்ளங்கால்கள், அருகே நிற்கும் சீடர் ஆனந்தர். கால்விரல்களைப் பாருங்கள். இரண்டு பாதமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருந்தால் புத்தர் ஓய்வெடுக்கிறார், ஒன்று சற்றே விலகியிருந்தால் அது பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு என்பது இலங்கைச் சிற்பிகளின் கணக்கு.

வெளியே வந்ததும் செருப்பைத் தேடி ஓடாமல் அந்த வாசலருகே கொஞ்சம் நில்லுங்கள். பாறையில் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. தலைக்கு மேலே பாறையின் விளிம்பில், மழைநீர் குகைக்குள் வழியாமல் வெளியே சொட்டிவிட ஒரு வரி வெட்டியிருப்பார்கள். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் சமணத் துறவிகளின் குகைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வெட்டும் எழுத்தும் உடனே அடையாளம் தெரியும்.