எச்.ஐ.வி.: முதல் மாத்திரைக்கு முன்பே எதிர்ப்புச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பது எப்படி?

எச்.ஐ.வி. மருந்தைத் தொட்டே பார்க்காதவர் உடம்பிலும் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கலாம். மருந்தை ஒழுங்கில்லாமல் விட்டு விட்டுச் சாப்பிட்ட ஒருவரிடமிருந்து தொற்று வந்திருந்தால், அவரிடம் மாறிப்போன கிருமியே இவருக்கும் வந்து சேரும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று ரத்தத்தில் பார்ப்பதுதான் எதிர்ப்புச் சோதனை. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் புதிதாக நோய் உறுதியானவருக்குத் துணையாகப் போகிறவர்களுக்கும், தோட்டத்துச் சுகாதார ஊழியர்களுக்கும் இந்தக் குறிப்பு.

முதலில், இவர் உண்மையிலேயே மருந்து எடுக்காதவர்தானா என்று பாருங்கள். ஊர் சின்னது, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தூரத்து ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பாதியில் விட்டவர் இருப்பார். துணையின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டவர் இருப்பார். பிரெப், அதாவது தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் மருந்து, எடுத்தவரும் இருப்பார். "முன்னாடி மருந்து எடுத்தீங்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, "அண்ணே, யாராவது கொடுத்து, நாலு நாளாவது இந்த மாதிரி மாத்திரை போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

அடுத்தது வரிசை: ரத்தம் முதலில், மாத்திரை பிறகு. நோய் உறுதியானதுமே எடுப்பது நல்லது. கிருமியின் மரபணுவில் வரும் எம்184வி என்ற மாற்றம் லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் கிருமியையும் பலவீனமாக்கும். அதனால் மருந்து இல்லாத உடம்பில் நாளாக ஆக மங்கி, சோதனையில் தப்பிவிடும். எபாவிரென்ஸ், நெவிரபின் என்ற மருந்துகள் இரண்டையும் முறிக்கும் கே103என் மாற்றம் அப்படியல்ல, வருடக்கணக்கில் தங்கும். வழக்கமான சோதனை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும் கிருமி வகையைத்தான் பிடிக்கும்.

ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில், அதாவது ஈடிடிஏ குழாயில், எடுக்க வேண்டும். பச்சை மூடி வேண்டாம். அதிலுள்ள ஹெப்பாரின் மரபணுவைப் பெருக்கும் வேலையைத் தடுத்துவிடும். குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிரிக்காத ரத்தத்தை அப்படியே குளிரில் உறைய வைக்கக் கூடாது, அணுக்கள் உடைந்துவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் உறைநிலை. பிரிக்கும் வேலை அன்றே முடிவது உத்தமம், ஒரு நாளைத் தாண்டவே கூடாது. எனவே குழாயை ஈப்போவுக்குக் கொண்டுபோகும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப ரத்தம் எடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுப்பது வீண். வெயிலில் நிற்கும் காருக்குள் குழாயை விடாதீர்கள். கிருமி எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1,000க்குக் கீழே இருந்தால் சோதனை பல நேரம் முடிவே தராது.

கிருமியின் எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மருந்துகள் குறிவைக்கும் நொதிகளில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், புரோட்டியேஸ் இரண்டும் வழக்கமாக வரும். இன்டெக்ரேஸ் பெரும்பாலும் தனியாகக் கேட்டால்தான். கபோடெக்ராவிர் இன்டெக்ரேஸைத் தாக்கும் மருந்து; அதை ஊசியாக, பிரெப்புக்காகப் போட்டிருந்தவருக்கு இன்டெக்ரேஸ் சோதனையை விடவே கூடாது. முடிவில் டி215எஸ், டி215டி போன்ற மாற்றங்கள் தெரிந்தால், தனியாக அவை பெரிய எதிர்ப்பு அல்ல. சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை எதிர்த்த கிருமியிலிருந்து திரும்பி வந்த தடயம் அது, மருத்துவரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

முடிவு வர வாரக்கணக்காகலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொல்லும் டோலுடெக்ராவிர் 50 மி.கி., டெனோபோவிர் 300, லாமிவுடின் 300 என்ற கூட்டில், டோலுடெக்ராவிரை கே103என் பாதிப்பதில்லை. ஆனால் கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து இறுக்கம் இருந்தால் மூளையுறை அழற்சி இல்லை என்று தெரியும்வரை மருத்துவர் நிறுத்தி வைப்பார்; அது சரிதான். காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு இரண்டு. கேஸ்திரிக் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவருக்கு இரவுச் சோற்றுக்குப் பிறகு என்ற நேரம் தவறாது.

சோதனை முடிவை நகலெடுத்து வையுங்கள். மங்கிய மாற்றம் அடுத்த சோதனையில் தெரியாது, உடம்பில் உறங்கிக் கிடக்கும். வேறு மருந்துக்கு மாற்றும் நாளில் இந்தப் பழைய தாளைத்தான் மருத்துவர் கேட்பார்.