கணவரைக் கூப்பிட 29,000 பவுண்ட்ஸ்: நான் கணக்குக் காட்டிய கதை

கலியாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குத் திரும்பிய கிழமையே மூன்று பேர் எனக்கு மூன்று விதமாகப் புத்தி சொன்னார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பா, "மனிசனைக் கூப்பிட வருமானமெல்லாம் பாக்க மாட்டாங்கள் பிள்ளை" என்றார். அமெரிக்காவில் இருக்கும் மச்சாள், "உன்ரை சம்பளம் காணாட்டி அப்பாவையும் சேர்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லு" என்றாள். கடையில் என்னோடு நிற்கும் அக்கா, "18,600 காட்டினால் போதும், நான் அப்படித்தான் கூப்பிட்டனான்" என்றார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கனடாவில் கியூபெக் தவிர்ந்த இடங்களில் வாழ்க்கைத்துணைக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. அமெரிக்காவில் இன்னொருவர் கூட்டு ஸ்பொன்சராக நிற்கலாம். பிரித்தானியாவிலும், துணையைக் கூப்பிடுகிறவர் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருட வருமானம் 2012 முதல் 18,600 பவுண்ட்ஸாகத்தான் இருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல், புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது வருடத்துக்கு 29,000. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து, அதே துணையோடு விசாவை நீட்டிப்பவர்களுக்கு மட்டும் பழைய கணக்கு ஓடுகிறது. அதனால் உறவினர் சொல்வதைக் கேட்கும்போது, எந்த நாடு, எந்த வருடம் என்று முதலில் கேளுங்கள். இங்கே அப்பாவின் சம்பளம் கூட்டுக்கு வராது. இவர், அதாவது என் கணவர், ஊரில் வாங்கும் சம்பளமும் வராது, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ஸ்பொன்சர் பண்ணும் நீங்கள் உழைப்பதுதான் கணக்கு.

29,000ஐ பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 2,416.67. வரி பிடிப்பதற்கு முன்பான தொகை இது. கையில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனாலும் இது லேசான தொகை இல்லை. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 ஆனது. அந்த அளவில் கிழமைக்கு 40 மணித்தியாலம், வருடம் முழுக்க வேலை செய்தாலும் 25,396.80தான் வந்தது. முழுநேரம் உழைக்கிற ஒருத்திக்கே 3,600க்கு மேல் இடித்தது. அதனால்தான் என்னைப் போல நிறையப் பேர் இரண்டாவது வேலைக்கு ஓடுகிறோம். நான் சறுக்கியதும் அங்கேதான்.

எனக்குக் கடையில் வருடச் சம்பளம் 22,932. மிச்சத்துக்கு ஜூன் மாதம் ஒரு கேர் ஹோமில் சனி, ஞாயிறு வேலை எடுத்தேன். ஒக்டோபரில் விசா படிவம் நிரப்பித் தருகிற ஒருவரிடம் போனேன். அவர் கல்குலேட்டரைத் தட்டிவிட்டு, "இரண்டையும் கூட்டினால் 29,000 தாண்டுது தங்கச்சி, போடுவம்" என்றார். போட்டோம். மறுத்துவிட்டார்கள். கட்டிய 1,938 பவுண்ட்ஸ் போனது போனதுதான். மருத்துவத்துக்கென்று கட்டிய 3,105 மட்டும் திரும்பி வந்தது.

பிழை என்னவென்றால், இரண்டு வேலையைக் கூட்டலாம், ஆனால் ஒவ்வொரு வேலையிலும் அதே முதலாளியிடம் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். இதை அவர்கள் கேட்டகரி ஏ என்கிறார்கள். ஒரு வேலையில் ஆறு மாதம் ஆகவில்லை என்றால் கேட்டகரி பி என்ற பிரிவுக்குப் போய்விடும். அங்கே இப்போதைய வருடச் சம்பளமும் 29,000 இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையாகவே உழைத்ததும் 29,000 இருக்க வேண்டும். நான் கேர் ஹோமில் நின்றது நான்கு மாதம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், இவர் அங்கே தொலைபேசியில் அழுதிருக்கவும் மாட்டார். இடையில் வேலை மாற வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். மணிக்கு ஒரு பவுண்ட் கூடத் தருகிறார்கள் என்று மாறினால் ஆறு மாதக் கணக்கு திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

இரண்டாம் தடவை நானே கணக்குப் போட்டேன். வருடச் சம்பளம் என்று எழுதிக் கொடுத்த வேலைக்கு, அந்த ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பள மட்டத்தைத்தான் எடுப்பார்கள். எனக்கு மாறவில்லை: 22,932. மணிக்கணக்கில் கூடிக் குறைகிற வேலைக்கு ஆறு மாதத்துச் சராசரியை எடுப்பார்கள். கேர் ஹோமில் ஆகஸ்டில் 507, செப்டம்பரில் 546, ஒக்டோபரில் 585, நவம்பரில் 624, டிசம்பரில் காய்ச்சலில் படுத்ததால் 390, ஜனவரியில் 533. கூட்டினால் 3,185. ஆறால் பிரித்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 6,370. இரண்டும் சேர்ந்து 29,302. முந்நூற்று இரண்டு பவுண்ட்ஸ்தான் மேலே நின்றது. டிசம்பரில் இன்னும் இரண்டு சனி படுத்திருந்தால் கதை கந்தல். முடிந்தால் ஆயிரமாவது மேலே நிற்கிற மாதிரிப் பாருங்கள்.

தொகை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. பேஸ்லிப் என்கிற சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம் மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். ஓர் இரவு குசினி மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, பேஸ்லிப்பில் கையில் வந்த தொகைக்கு 1 என்று பென்சிலால் போட்டு, ஸ்டேட்மென்டில் அதே தொகை விழுந்த வரிக்கும் 1 போட்டேன். இப்படிப் பன்னிரண்டு. நவம்பர் கேர் ஹோம் பேஸ்லிப் 624, வரி போக 499.20, ஸ்டேட்மென்டிலும் 499.20. நல்லது. ஜனவரியில் மாட்டியது. பேஸ்லிப்பில் 426.40, ஸ்டேட்மென்டில் 326.40. மேல்பக்கம் புரட்டிப் பார்த்தால், மாத நடுவில் நான் முற்பணமாகக் கேட்டு வாங்கிய 100 தனியாக விழுந்திருக்கிறது. எனக்கு அது தெரியும், கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. சம்பளப் பகுதியில் கேட்டு, இரண்டு தொகையும் ஒரே சம்பளம் என்று இரண்டு வரிக் கடிதம் வாங்கி அந்தப் பேஸ்லிப்புக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்தது எங்கள் ஆட்களுக்கே உரிய தலைவலி: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், கடையில் முதலெழுத்தோடு பதிந்திருப்பார்கள், பாங்கில் முன்பின்னாகக் கிடக்கும். இதைக் கடைசி மாதத்தில் திருத்த முடியாது, ஏனென்றால் ஆறு மாதப் பேஸ்லிப்பிலும் பழைய பெயர் இருக்கும். இன்றைக்கே பாருங்கள். மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முதலாளியின் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தில் நான்கு விஷயம் கட்டாயம்: நீங்கள் அங்கே வேலை செய்வதும் வருடச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பள மட்டம் எப்போதிருந்து, வேலை நிரந்தரமா தவணையா ஏஜென்சியா. "நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவார்" என்று கடை மனேஜர் அன்பாக எழுதித் தந்த முதல் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நானே நான்கு வரியை எழுதிக் கொடுத்து, கடையின் லெட்டர்ஹெட்டில் திரும்ப வாங்கினேன்.

இனிக் கைக்காசு. சம்பளத்தில் பாதி பாங்கில், பாதி கவரில் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேஸ்லிப்பில் ஏறாத காசு சம்பளமே இல்லை, அதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். பேஸ்லிப் முழுதாகத் தந்து காசாகக் கையில் தந்தால், அந்தந்த மாதம் முழுத் தொகையையும் உங்கள் கணக்கில் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வரிக்கு முந்திய தொகையை எடுப்பார்கள். இல்லாவிட்டால் பாங்கில் விழுந்ததை மட்டும் எடுப்பார்கள். சொந்தக்காரரின் கடையில் வேலை செய்வதாகப் பெயருக்குப் பேஸ்லிப் அடிக்கிற யோசனையை யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். விசா அதிகாரிகள் எச்.எம்.ஆர்.சி என்ற வரித் திணைக்களத்திடம் சரிபார்க்கலாம், ஏமாற்று என்று பிடிபட்டால் பத்து வருடத் தடை வரலாம்.

உண்மையாகவே சொந்தக்காரரிடம் வேலை செய்தாலும் ஒரு பொறி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. கடை லிமிட்டெட் கம்பனியாக இருந்து, பங்குகள் உங்கள் அண்ணா, மாமா, சித்தப்பா, ஒன்றுவிட்ட சகோதரர் போன்றவர்களிடம் இருந்தால், வெளியார் பங்குதாரர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், உங்களைச் சாதாரண ஊழியராக எடுக்க மாட்டார்கள். ஆறு மாதப் பேஸ்லிப் போதாது. கம்பனியின் கடைசி முழு நிதியாண்டுக் கணக்குகள் கேட்பார்கள். வெறும் தட்டு அடுக்குகிற வேலையாக இருந்தாலும் இதுதான் விதி.

டாக்ஸி ஓடுகிறவர்கள், தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்குக் கடைசி முழு வரியாண்டின் லாபம்தான் வருமானம், மொத்த வரவு இல்லை. எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் வரி குறைய வேண்டும் என்று செலவுகளை ஏற்றி ஏற்றி எழுதி, லாபத்தை 21,000 ஆக்கி வைத்திருந்தார். கலியாணம் பேசினதும் தலையில் கை வைத்தார். வரியாண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. அடுத்த வருடம் முழுக்க நேராகக் கணக்கு எழுதிவிட்டுத்தான் கூப்பிட்டார்.

சம்பளம் கொஞ்சம் குறைந்தால் சேமிப்பால் நிரப்பலாம், தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த வழி இல்லை. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்டுங்கள். 1,000 குறைந்தால் 18,500 வேண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500. அந்தக் காசு ஆறு மாதம் உங்கள் அல்லது துணையின் கணக்கில் அந்த மட்டத்துக்குக் கீழே போகாமல் கிடக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகத் தந்தால் சரி, கடன் வாங்கியது சரியில்லை. ஊரில் இவருடைய கணக்கில் இருப்பதும் சேரும். காணியும் தாலிக்கொடியும் சேராது. காணியை விற்ற காசு, உறுதியும் விற்பனைப் பத்திரமும் இருந்தால், சேரும். விசாக் கட்டணத்தை இந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, மட்டம் இறங்கிவிட்டதே என்று முழிக்காதீர்கள்.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணம் கணக்கில் வராது. பிப் என்கிற இயலாமை உதவிப்பணம், இன்னொருவரைப் பராமரிப்பதற்கான கேரர்ஸ் அலவன்ஸ் போன்றவை எடுக்கிறவர்களுக்கு 29,000 விதியே இல்லை. அவர்களுக்கு வேறு, இளகிய அளவுகோல் உண்டு. தாங்களாகவே முடியாது என்று கைவிடாமல் ஒரு நல்ல லோயரிடம் கேட்க வேண்டும்.

கடைசியாகத் திகதி. கடைசிப் பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்டும் விண்ணப்பிக்கிற நாளுக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஜனவரிச் சம்பளம் 30ஆம் திகதி விழுந்தது. பாங்கில் போய் ஆறு மாத ஸ்டேட்மென்டுக்கும் முத்திரை குத்தி வாங்கி, பெப்ரவரி 9ஆம் திகதி இரவு, வேலை முடிந்து வந்து, இவரை வீடியோவில் வைத்துக்கொண்டு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். பென்சில் இலக்கங்களை அழிக்க மறந்து அப்படியே ஸ்கேன் பண்ணிவிட்டேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.